பள்ளி மானியம் 75,000 ரூபாய்: எதற்குச் செலவாகிறது, யார் முடிவு செய்கிறார்கள்? (வடசென்னை)

கோமதி_ரயில்வேகேட்
எல்லாருக்கும் வணக்கம். நான் நம்ம பக்கத்து மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் மேலாண்மைக் குழு உறுப்பினர். போன வருஷம் குழுவைப் புதுசா போட்டப்போ பெண்கள் பாதிப் பேர் இருக்கணும், பெயர் கொடுங்கன்னு சொன்னாங்க, கொடுத்தேன். ஸ்கூல் பேரைச் சொல்ல மாட்டேன். என் பொண்ணு அங்கதான் எட்டாவது படிக்கிறா.

கூட்டத்துல தீர்மான நோட்டை நீட்டினாங்க. மானியம் 75,000 ரூபாய், செலவு விவரம் கீழேன்னு ஏற்கனவே எழுதி இருந்துச்சு. கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கி. நான் உக்காந்து படிச்சேன். பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம். ஏ4 பேப்பர், பிரிண்டருக்கு டோனர். ரெண்டு ஃபேன் ரிப்பேர். அப்புறம் வெளிச்சுவர்ல திருக்குறள் எழுதி படம் போட பெயிண்ட், பெயிண்டர் கூலி. பெருந்தொகை அந்தச் சுவருக்குத்தான் போயிருக்கு.

சுவர் அழகா இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா என் பொண்ணு கிளாஸ்ல ஜூன் மாசம் மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சதுல இருந்து நாலு பசங்க ஒழுங்கா வர்றதில்ல. காசிமேட்டுல ஐஸ் உடைக்கப் போறாங்க, வாரத்துல ரெண்டு நாள் மூணு நாள் தலையைக் காட்டுறாங்க. ஒரு பொண்ணு, அம்மா விடியறதுக்கு முன்னாடியே கூடையை எடுத்துக்கிட்டு ஏலத்துக்குப் போயிடுறதால, கைக்குழந்தையைப் பார்த்துக்க வீட்டுல நிக்கிறா. இந்தப் பிள்ளைங்களுக்குன்னு அரசாங்கம் தனியா பணம் தருதுன்னு டி.வி.யில சொல்றாங்களே, அது இதுதானா? இல்ல வேற பணம் இருக்கா? உறுப்பினரா நான் என்ன கேக்கலாம்?

ராயபுரம்_ரகு
அக்கா, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிச்சீங்க பாருங்க, அதுவே பெரிசு. எங்க அம்மா ரெண்டு வருஷம் மெம்பரா இருந்தாங்க. பிஸ்கட், டீ, கையெழுத்து, போட்டோ. கடைசி வரைக்கும் அந்த நோட்டுல இன்னா எழுதியிருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது.

ஓய்வு_தலைமையாசிரியர்
அம்மா, தங்கள் கேள்விக்கு நேராக விடை: இல்லை, இது ஏழைப் பிள்ளைகளுக்கென்று தனியே வரும் பணம் அல்ல. பலர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தாங்கள் பார்த்தது ஒருங்கிணைந்த பள்ளி மானியம். 2018-19இல் அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வி இயக்கம் எல்லாவற்றையும் சேர்த்து ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்று ஆக்கினார்கள். மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. அதில் மானியத்துக்கு ஓர் அட்டவணை உண்டு. 30 பிள்ளைகள் வரை 10,000. 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு இலட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். பினாயிலும் துடைப்பமும் அப்படி வந்தவைதான்.

அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். எத்தனை பிள்ளைகள் என்று மட்டும்தான் கேட்கிறது. அவர்கள் யார், எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள், அப்பா கடலுக்குப் போகிறாரா, ஐ.டி. கம்பெனிக்குப் போகிறாரா என்று கேட்பதில்லை. 260 பிள்ளைகள் உள்ள பள்ளிக்குத் தலைக்கு 288 ரூபாய். 990 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் அதே 75,000தான், தலைக்கு 76 ரூபாய்கூட முழுதாக வராது. வடசென்னையில் வறுமை மிகுந்த தெருக்களுக்கு நடுவே இருப்பவை பெரும்பாலும் கூட்டம் நிறைந்த பெரிய பள்ளிகள். கணக்கு யாருக்குப் பாதகம் என்று தாங்களே போட்டுப் பாருங்கள்.

நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் தனியே சிறு தொகை வரும். தொடக்கப் பள்ளிக்கு ஐயாயிரம் ஐயாயிரம் என்ற அளவில். அவ்வளவுதான் பள்ளியின் கைக்கு நேரடியாக வருவது.

கணக்குப்பிள்ளை
சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் சில பள்ளிகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கிறவன். 2021க்குப் பிறகு நடைமுறையே மாறிவிட்டது. முன்பு பள்ளி வங்கிக் கணக்கில் பணம் வந்து உட்காரும். இப்போது பூஜ்ய இருப்புக் கணக்கு. மாநில அலுவலகத்தின் ஒரே கணக்கில் பணம் இருக்கும், பள்ளிக்குச் செலவு வரம்பு மட்டும் ஏற்றுவார்கள். வரம்பு எப்போது ஏறும் என்று யாருக்கும் தெரியாது. ஏறியதும் அவசரம் தொடங்கும். மார்ச் 31க்குள் செலவாகாத வரம்பு திரும்பிப் போய்விடும். "ஏன் செலவழிக்கவில்லை" என்று மெமோ வருவதைவிட "ஏன் பெயிண்ட் அடித்தாய்" என்று மெமோ வருவது குறைவு.

கோமதி அம்மா, உங்கள் பள்ளியில் அந்தத் தீர்மானம் எந்த மாதத் தேதியில் இருக்கிறது என்று பாருங்கள். பிப்ரவரி, மார்ச் என்றால் கதை புரிந்துவிடும். பெயிண்டர் ஒரே பில்லில் பெரிய தொகையை முடித்துக் கொடுப்பார். மூன்று கொட்டேஷன், ஒரு வவுச்சர், பயன்பாட்டுச் சான்று, ஃபைலைக் கட்டிவிடலாம். நாற்பது அகராதி வாங்கினால் நாற்பதையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, தொலைந்தால் பதில் சொல்ல வேண்டும்.

கோமதி_ரயில்வேகேட்
மார்ச் 24ன்னு இருக்கு. புதுக் குழுவுக்கு முன்தேதி போட்ட பக்கத்தை இப்ப காட்டி "ஏற்கப்பட்டது"ன்னு வாங்கினாங்க.

ராயபுரம்_ரகு
😂 சுவத்துல எழுதியிருக்கிற குறள் இன்னா குறள் அக்கா? "கற்க கசடற"வா?

கோமதி_ரயில்வேகேட்
அதேதான் தம்பி.

சாக்பீஸ் (பணியில் இருக்கும் ஆசிரியை, பெயர் வேண்டாம்)
கொஞ்சம் கோபத்தோடதான் எழுதுறேன். பெயிண்ட் பெயிண்ட்டுனு எல்லாரும் சிரிக்கிறீங்க. பார்வைக்கு வர்ற அதிகாரி முதல்ல சுவரைத்தான் பார்ப்பார். ரெண்டாவது கழிவறை. மூணாவது ஆன்லைன் பதிவு. பையன் வாசிக்கிறானான்னு பார்க்கிறது நாலாவதோ அஞ்சாவதோதான், அதுக்குள்ள அவருக்கு அடுத்த ஸ்கூலுக்கு நேரமாயிடும். தலைமையாசிரியர் எதுக்குச் செலவு பண்ணுவார்?

டோனர் பத்தியும் சொல்றேன். எமிஸ்ங்கற கல்வித்துறை ஆன்லைன் பதிவேட்டுல ஏத்தணும், பிரிண்ட் எடுத்து ஒட்டணும், வினாத்தாள் தரவிறக்கி நகல் போடணும். மானியம் வர்றதுக்கு முன்னாடி எட்டு மாசம் அந்த டோனர் எங்க பர்ஸ்ல இருந்துதான் போகும். மானியம் வந்ததும் அதைத்தான் முதல்ல எடுப்போம். தப்பா?

கோமதி அக்கா கேட்ட விஷயம் இந்த 75,000க்குள்ள வராது. அந்த நாலு பசங்க வீட்டுக்குப் போய், அம்மாகிட்ட பேசி, மறுநாள் வந்தானான்னு பார்க்க ஒரு ஆள் வேணும். மானியத்துல ஆளுக்குச் சம்பளம் போட வழியில்ல, தணிக்கையில நிக்கும். பொருள் வாங்கலாம், ஆளைப் போட முடியாது. பேப்பர்ல ரொம்ப நாள் தொடர்ந்து வராத பையன் "காமன் பூல்"ங்கற பட்டியலுக்குப் போவான், அப்புறம் வட்டார வள மையத்துல இருந்து தேடுவாங்க. ஆனா வாரத்துக்கு ரெண்டு நாள் தலையைக் காட்டுற பையன் எந்தப் பட்டியல்லயும் விழ மாட்டான். பதிவேட்டுல அவன் பள்ளி மாணவன். ஐஸ் மெஷின்கிட்ட அவன் கூலி ஆள்.

ஓய்வு_தலைமையாசிரியர்
ஆசிரியை சொல்வது முற்றிலும் உண்மை. ஆனால் ஒரு திருத்தம் தேவை. ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு செலவழிப்பதே இல்லை என்ற எண்ணம் இந்த இழையைப் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது. பள்ளிக்குப் பணமாக வருவது குறைவு. பிள்ளைக்குப் பொருளாக வருவது அதிகம். பாடநூல், நோட்டு, சீருடை, செருப்பு, புத்தகப்பை, பஸ் பாஸ், மதிய உணவு. 10, 11, 12 முடிப்பவர்களுக்கு 1,500, 1,500, 2,000 என்று ஊக்கத்தொகை. பட்டியல் சாதி மாணவியருக்குத் தனி ஊக்கத்தொகை. 2022 செப்டம்பரிலிருந்து காலை உணவு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம். அந்தப் புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கிவைத்ததே நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் பகுதிக்கு நூறாண்டுப் பழக்கம். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்க்கு உணவு போடத் தீர்மானம் கொண்டுவந்தவர் பிட்டி தியாகராயர். ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கினார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி நிற்கிறது. அன்றைக்கே, பசியோடு வருகிற பிள்ளைக்கு முதலில் சோறு, பிறகு பாடம் என்று முடிவெடுத்த ஊர் இது.

சாக்பீஸ்
காலை உணவு வந்த பிறகு தொடக்க வகுப்புல முதல் பீரியட் மயக்கம் குறைஞ்சது, இதை மறுக்கவே மாட்டேன். ஆனா அது அஞ்சாவதோட நிக்குது சார். கோமதி அக்கா சொல்ற பசங்க எட்டாவது.

பழைய_மாணவன்_தண்டையார்பேட்டை
உதவிபெறும் பள்ளிகளை எல்லாரும் மறந்துட்டீங்க. ராயபுரம், தண்டையார்பேட்டைல நிறைய பிள்ளைங்க மிஷன் ஸ்கூல், அந்த ஸ்கூல் இந்த ஸ்கூல்னு உதவிபெறும் பள்ளிலதான் படிக்கிறாங்க. அதே தெரு, அதே வறுமை. ஆனா நகர்ப்புற உதவிபெறும் பள்ளிக்குக் காலை உணவு 2025 ஆகஸ்ட்லதான் வந்துச்சு. மூணு வருஷம் ஒரு வீட்டுல தங்கச்சி சாப்பிட்டுட்டு கிளாஸுக்குப் போவா, அண்ணன் எதிர் ஸ்கூல்ல பட்டினி. மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கற 7.5 சதவீத இட ஒதுக்கீடும் எங்களுக்குக் கிடையாது.

ஈஸ்ட்ஹாம்_நர்ஸ்
நான் வியாசர்பாடிப் பொண்ணு, இப்ப லண்டன்ல ஈஸ்ட்ஹாம்ல இருக்கேன். இங்க எப்படின்னு சொன்னா உபயோகமா இருக்கும்னு எழுதுறேன், பெருமைக்கு இல்ல.

இங்கிலாந்துல 2011ல இருந்து பியூபில் பிரீமியம்னு ஒரு நிதி இருக்கு. வறுமை காரணமா இலவச மதிய உணவுக்குத் தகுதியான பிள்ளை, அதாவது கடந்த ஆறு வருஷத்துல ஒரு தடவையாவது அப்படிப் பதிவானவன், ஒரு ஸ்கூல்ல இருந்தா, அந்தப் பிள்ளை தலைக்கு ஸ்கூலுக்குக் கூடுதல் பணம். 2025-26க்கு தொடக்கப் பள்ளின்னா 1,515 பவுண்ட், மேல்நிலைன்னா 1,075. வாங்கின ஸ்கூல் வருஷா வருஷம் டிசம்பர் 31க்குள்ள ஒரு அறிக்கையை அவங்க இணையதளத்துல போட்டே ஆகணும். இத்தனை பேர் தகுதி, இவ்வளவு வந்துச்சு, இதுக்குச் செலவு பண்றோம், போன வருஷம் என்ன ஆச்சு. என் பையன் ஸ்கூல் அறிக்கையை நான் படிச்சேன். சின்னக் குழுவா வாசிப்பு வகுப்பு, வராத பிள்ளைங்க வீட்டுக்குப் பேச ஒரு வருகை அலுவலர், காலையில சாப்பாட்டோட ஒரு கிளப்.

இங்கயும் சொக்கத்தங்கம் இல்ல. பட்ஜெட் இடிக்குதுன்னு அந்தப் பணத்தை எடுத்து வேற ஓட்டையை அடைக்கிறோம்னு தலைமையாசிரியர்களே கருத்துக்கணிப்புல ஒத்துக்குறாங்க. ஆனா அறிக்கை கையில இருக்கறதால அம்மா அப்பா போய்க் கேக்கலாம். கோமதி கேட்ட அதே கேள்விதான், அவங்க நோட்டைப் பறிச்சுப் படிக்க வேண்டியிருந்துச்சு, நான் போன்ல படிச்சேன்.

ராயபுரம்_ரகு
1,515 பவுண்ட். நம்ம 76 ரூபா. சரி சரி, வவுறு எரியுது, அடுத்த ஆள் பேசுங்க.

கணக்குப்பிள்ளை
ரகு, ரூபாயையும் பவுண்டையும் ஒப்பிட்டு அழுவதில் பயன் இல்லை. அந்த அக்கா சொன்னதில் முக்கியமானது வேறு. அங்கே வறுமை என்பது கணக்கிடும் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. இங்கே பிள்ளையின் சாதி, வருமானம், பெற்றோர் தொழில் எல்லாம் எமிஸில் ஏற்கனவே இருக்கிறது. தகவல் இருக்கிறது, மானிய அட்டவணை அதைத் தொடுவதில்லை. மாநில அரசு தன் பங்காக, முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிக்கு ஒரு கூடுதல் தொகை என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

மணலி_மாறன்
மாநில அரசு எங்கேயிருந்து தரும்? மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீக்குத் தமிழ்நாடு ஒப்பந்தக் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தியது. மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நீங்கள் பெயிண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை
நிறுத்தியது அநியாயம். ஆனால் நிறுத்துவதற்கு முன்னாலும் அட்டவணை இதேதான், அப்போதும் மார்ச்சில்தான் பெயிண்ட் அடித்தார்கள்.

மணலி_மாறன்
அதையும் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நிதி நின்றபோது முதலில் அடிபட்டது யார்? சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கு வரும் இயன்முறை மருத்துவர், சிறப்புப் பயிற்றுநர். என் அக்கா மகன் வீட்டிலிருந்தே பயிற்சி பெறுகிறவன். பயிற்றுநருக்குச் சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது, அந்த அம்மா தன் பஸ் காசில் வந்துபோனார். மாநிலம் தன் பணத்தில் சமாளித்தது என்பது உண்மை. ஆனால் சமாளிப்பது வேறு, கூடுதலாகக் கொடுப்பது வேறு.

கொடுங்கையூர்_தாய்
நான் வேற ஒரு பணத்தைப் பத்திக் கேக்கணும். கட்டாயக் கல்விச் சட்டத்துல தனியார் ஸ்கூல்ல 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைங்களுக்கு, ஃபீஸை அரசு கட்டும்னு இருக்கு. என் பையன் அப்படித்தான் எல்.கே.ஜி. சேர்ந்தான். ஒரு கிலோமீட்டருக்குள்ள வீடு, வருமானம் ரெண்டு லட்சத்துக்குக் கீழ, எல்லாச் சான்றும் கொடுத்தோம். சேர்ந்த பிறகு புக், யூனிஃபார்ம், ஆக்டிவிட்டி ஃபீஸ்னு 18,000 கேட்டாங்க. ரசீதுல "நன்கொடை"ன்னு போட்டாங்க. கேட்டா, "கவர்மென்ட் எங்களுக்கு இன்னும் பாக்கி வெச்சிருக்கு, நீங்களே போய் வாங்கிட்டு வாங்க"ங்கறாங்க. அதுவும் ஏழைப் பிள்ளைக்கு வர்ற அரசுப் பணம்தானே? அதை யார் கேக்கறது?

ராயபுரம்_ரகு
அந்தப் பணம் மாநகராட்சி ஸ்கூலுக்கு வந்திருந்தா இந்தப் பிரச்சனையே இல்ல. தனியாருக்கு அரசு காசு கொடுக்குது, அவங்க நம்மகிட்டயும் வாங்குறாங்க. நீங்க ஏன் அங்க போனீங்க?

கொடுங்கையூர்_தாய்
ஈஸியா கேட்டுட்டீங்க தம்பி. எல்.கே.ஜி. நடக்கற மாநகராட்சி ஸ்கூலுக்கு லாரி போற ரோட்டைத் தாண்டணும். நாலு வயசுப் பையனை யார் கூட்டிட்டுப் போவா? நான் எட்டு மணிக்கு எக்ஸ்போர்ட் கம்பெனில பன்ச் பண்ணணும். இங்க வேன் வீட்டு வாசலுக்கு வருது.

ஈஸ்ட்ஹாம்_நர்ஸ்
ரகு, அம்மாக்களைக் கேள்வி கேக்கறது எல்லாருக்கும் சுலபம். விடுங்க.

ஓய்வு_தலைமையாசிரியர்
அந்த அம்மாவுக்கு: 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைக்கு அரசு ஈடு செய்வது, பள்ளியின் கட்டணம் அல்லது அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, இரண்டில் குறைந்தது. 2025-26இல் மத்திய நிதி தாமதத்தால் சேர்க்கையே அக்டோபரில்தான் நடந்தது, அதுவும் ஏற்கனவே பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு. வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியும் உத்தரவு. "நன்கொடை" என்று போட்ட ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகப் பேசினால் ஒன்றும் நிற்காது.

நெறியாளர்
25 சதவீத இட ஒதுக்கீடு தனி விவாதமாகப் போகும் அளவுக்குப் பெரியது. அதற்குத் தனி இழை திறந்திருக்கிறேன், கொடுங்கையூர் சகோதரியின் பதிவை அங்கேயும் ஒட்டியிருக்கிறேன். இங்கே மாநகராட்சிப் பள்ளி மானியத்தோடு நிற்போம். பள்ளிப் பெயர், தலைமையாசிரியர் பெயர் போட்டால் நீக்குவேன்.

பழைய_மாணவன்_தண்டையார்பேட்டை
முன்னாள் மாணவர்களும் இப்ப குழுவுல இருக்கோம், 24 பேர்ல எங்களுக்கும் இடம் வெச்சிருக்காங்க. ஒரு கம்பெனிகிட்டப் பேசி, அரசுப் பள்ளிக்கு நன்கொடை வாங்கற "நம்ம ஸ்கூல்" திட்டம் வழியா நிதி வாங்கலாம்னு நான் சொன்னேன். ஸ்மார்ட் போர்டு, ஆர்.ஓ. வாட்டர் கொடுக்கத் தயாரா இருக்காங்க. மானியத்தை நம்பி உக்காந்தா வேலை ஆகாது.

சாக்பீஸ்
ஸ்மார்ட் போர்டு எங்ககிட்ட இருக்கு தம்பி. ஆர்.ஓ.வும் இருக்கு, ஃபில்டர் மாத்த ஆள் வராம மூணு மாசமா துணி போர்த்தி வெச்சிருக்கோம். நன்கொடை கொடுக்கறவங்க எல்லாரும் கல்வெட்டு வெக்கிற மாதிரி ஒரு பொருளைத்தான் கொடுக்க வர்றாங்க. "சாயங்காலம் ரெண்டு மணி நேரம் உக்கார ஒருத்தருக்குச் சம்பளம் கொடுங்க"ன்னு கேட்டுப் பாருங்க, மெயிலுக்குப் பதிலே வராது.

கோமதி_ரயில்வேகேட்
மிஸ், சாயங்காலம்னு சொன்னதும் கேக்கறேன். என் பொண்ணு வீட்டுல படிக்க இடமே இல்ல. ஒரே ரூம், மாமியார் சீரியல், பையன் போன். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கற நிறைய பிள்ளைங்களுக்கு இதே கதை. கொளத்தூர் அகரத்துல முதல்வர் படைப்பகம்னு 2024ல திறந்தாங்களே, அரை நாளைக்கு அஞ்சு ரூபாய்க்கு ஏ.சி.யில உக்காந்து படிக்கலாம்னு. போய்ப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்க பெரிய பசங்க போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாங்க. எட்டாவது படிக்கிற பொண்ணை ரெண்டு பஸ் மாத்தி அனுப்ப முடியாது. நம்ம ஸ்கூல் நாலரைக்குப் பூட்டினா அடுத்த நாள் காலை வரைக்கும் சும்மாதானே கிடக்கு?

சாக்பீஸ்
இதைத்தான் நான் ரொம்ப நாளா சொல்றேன். ரூம் இருக்கு, லைட் இருக்கு, பெஞ்ச் இருக்கு. சாவி யார்கிட்ட இருக்கும், பொண்ணுங்களுக்குப் பொறுப்பு யார்? இந்த ரெண்டு கேள்விக்குப் பயந்துதான் எந்தத் தலைமையாசிரியரும் சரின்னு சொல்ல மாட்டாங்க. ஏதாவது ஒண்ணு நடந்தா சஸ்பெண்ட் ஆகறது அவங்கதான். கொரோனாவுக்கு அப்புறம் இல்லம் தேடிக் கல்வி வந்தப்போ தன்னார்வலருக்கு மாசம் ஆயிரம் ரூபா கொடுத்தாங்க. எங்க தெருவுல பி.எஸ்சி. முடிச்ச பொண்ணு ஒருத்தி எடுத்தா. அவகிட்ட வந்த பசங்கதான் இன்னைக்கும் கிளாஸ்ல தடுமாறாம வாசிக்கறாங்க. ஆயிரம் ரூபாய், சார். ஒரு சுவருக்கு அடிச்ச பெயிண்ட்டுல அவளுக்கு ரெண்டு வருஷம் கொடுத்திருக்கலாம், விதி இடம் கொடுத்திருந்தா.

மணலி_மாறன்
விதி இடம் கொடுக்காதபோது எதற்கு இவ்வளவு பேச்சு?

ஓய்வு_தலைமையாசிரியர்
மானிய விதி இடம் கொடுக்காது. சட்டம் இடம் கொடுக்கிறது. இதை எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள்.

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம், பிரிவு 21. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம். குழுவின் வேலைகளுள் ஒன்று, அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு வழியிலோ வரும் மானியம் எப்படிப் பயன்படுகிறது என்று கண்காணிப்பது. கையெழுத்துப் போடுவது என்று சட்டத்தில் எழுதவில்லை. கண்காணிப்பது என்று எழுதியிருக்கிறது. பிரிவு 22, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைக் குழுவே தயாரிக்க வேண்டும். அரசு கொடுக்கும் மானியத்துக்கு அத்திட்டமே அடிப்படை.

இன்னும் முக்கியம் பிரிவு 9. தன் எல்லைக்குள் வாழும் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டைப் பராமரிப்பதும், அவர்கள் சேர்ந்து, தொடர்ந்து வந்து, முடிப்பதை உறுதி செய்து கண்காணிப்பதும் உள்ளாட்சியின் கடமை. நம் பகுதிக்கு உள்ளாட்சி என்பது பெருநகர சென்னை மாநகராட்சி. நாம் கட்டும் சொத்துவரியிலேயே கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. ஐஸ் உடைக்கப் போகும் பையனைத் தேடிப் போவது ஆசிரியையின் கருணையும் அல்ல, 75,000 ரூபாயின் வேலையும் அல்ல. மாநகராட்சியின் சட்டக் கடமை. அதைத் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள்.

கணக்குப்பிள்ளை
சார் சொன்ன வழிக்கு நடைமுறை சொல்கிறேன். தீர்மானத்தில் "ஆள் நியமிக்கவும்" என்று மட்டும் எழுதினால் "நிதி இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். வாரத்தில் மூன்று நாளோ அதற்கும் குறைவாகவோ மட்டும் வருகிற பிள்ளைகள் எத்தனை என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். பெயர் வேண்டாம், வகுப்பும் எண்ணிக்கையும் போதும். காரணம் வேலையா, குழந்தை பார்ப்பதா, வீடு மாற்றமா என்று பிரித்துப் போடுங்கள். பெரும்பாக்கத்துக்கு வீடு மாற்றி அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இன்னும் உங்கள் பதிவேட்டில் இருந்தால் அதையும் தனியாக எழுதுங்கள். குழுத் தீர்மானங்களைப் பதியும் பெற்றோர் செயலியில் ஏற்றச் சொல்லுங்கள், ஒரு நகலை வார்டு கவுன்சிலருக்குக் கொடுங்கள்.

சாயங்கால வகுப்பறையைத் தனித் தீர்மானமாக வையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றுக்குச் சொல்லும் மறுப்பு மற்றதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும். பொறுப்புக்குக் குழு உறுப்பினர் இருவர் பெயரை முறை வைத்து எழுதுங்கள், அதில் ஒருவர் பெண். அப்போது தலைமையாசிரியர் மேல் முழுப் பழியும் விழாது, அவர் எதிர்ப்பதும் குறையும்.

சாக்பீஸ்
கூடவே ஒண்ணு. தலைமையாசிரியரைக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் மடக்காதீங்க. முன்னாடி நாள் போய், "மேடம், இதைத்தான் எழுதப் போறோம்"னு காட்டுங்க. அவங்க எதிரி இல்ல. என் அனுபவத்துல, பெற்றோர் எழுத்துல கேட்டா அவங்களுக்கே மேல பேச ஒரு ஆதாரம் கிடைக்குது.

ராயபுரம்_ரகு
முறை வெச்சு உக்கார ஆள் வேணும்னா நான் வர்றேன் அக்கா. செவ்வாய், வியாழன் நைட் ஷிஃப்ட், மத்த நாள் ஆறு மணி வரைக்கும் ஃப்ரீ. கணக்கு சொல்லித் தரத் தெரியாது. கதவைத் தொறந்து, கடைசிப் பொண்ணு வீடு போற வரைக்கும் நிக்கத் தெரியும்.

கோமதி_ரயில்வேகேட்
தம்பி, குழு உறுப்பினர்தான் நிக்கணும்னு எழுதினா நீ வர முடியாது, நீ வெளியாள். பழைய மாணவர் இடம் ஒண்ணு எங்க குழுவுல காலியா இருக்கு, அந்த அண்ணன் அம்பத்தூர் போயிட்டார். நீ இந்த ஸ்கூல்ல படிச்சவனா?

ராயபுரம்_ரகு
அஞ்சாவது வரைக்கும். கணக்குல சேருமா?

ஓய்வு_தலைமையாசிரியர்
மாற்றுச் சான்றிதழ் இருந்தால் எடுத்துக்கொண்டு போ தம்பி. இல்லையென்றால் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், தலைமையாசிரியரையே எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். காலியிடத்தை நிரப்ப எந்த நடைமுறை என்று அவரிடமே எழுத்தில் கேளுங்கள்.

கோமதி அம்மா, தீர்மான வரைவை இங்கே போடுங்கள், வாசகத்தைப் பார்த்துத் தருகிறேன். நோட்டில் எழுதும்போது முடிவை மட்டும் எழுதாமல், "வாசித்துக் காட்டப்பட்டு ஏற்கப்பட்டது" என்ற வரியையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துகள் அந்த வரிக்குக் கீழேதான் வர வேண்டும்.